'புதிது', 'கடைசி', 'கடைசி 2'

பட்டம் வாங்கிப் பல வருடம் ஆன ஒருவர் மதிப்பெண் பட்டியலின் நகல் கேட்டு வந்தார். ஸ்கேன் செய்த பதிவேட்டில் ஒரு பாடத்துக்கு 47, கணினியில் 57. ஸ்கேன்தான் இருக்கிறதே என்று மூலப் பதிவேட்டை எப்போதோ கழித்துக் கட்டியிருந்தார்கள். எது சரி என்று எங்கள் பிரிவில் யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்படித்தான் பல்கலைக்கழக மின்பதிவுகளை ஒழுங்குபடுத்தும் வேலை என் தலையில் விழுந்தது. என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கவே இரண்டு மாதம் பிடித்தது. செனட் கூட்டக் குறிப்புகள், ஆய்வேடுகள், தேர்வு முடிவுகள் எல்லாம் மூன்று சர்வர்களிலும் ஒரு பீரோ நிறைய சிடிக்களிலும் சிதறிக் கிடந்தன. ஒரே பதிவேடு 'புதிது', 'கடைசி', 'கடைசி 2' என்று மூன்று பெயரில். சில சிடிக்கள் படிக்கவே வரவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் திறந்தன. திரையில் வெறும் குப்பை. இனி நிரந்தரமாக வைப்பதெல்லாம் பிடிஎஃப்/ஏ வடிவில்தான் என்று அன்றே முடிவு செய்தேன். 2005-ல் ஐஎஸ்ஓ தரமாக வந்த அந்த வடிவத்தில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும்.

பேக்கப் வட்டு எந்நேரமும் சர்வரிலேயே செருகிக் கிடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சர்வருக்குள் புகுந்தால் அதுவும் சேர்ந்தே போகும். தனி வட்டுக்குப் பணம் கேட்டபோது நிதிப் பிரிவு அசையவில்லை. 2023 அக்டோபரில் தாக்கப்பட்ட பிரிட்டிஷ் நூலகத்தின் நூற்பட்டியல் மறுபடி இணையத்துக்கு வர 2024 ஜனவரி ஆயிற்று என்று எழுதி வைத்ததும் கையெழுத்து விழுந்தது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்று ஏற்பாடானது. மீட்டுப் பார்க்கும் முதல் ஒத்திகை படுதோல்வி. பாஸ்வேர்டு மாற்றலாகிப் போனவரிடம் இருந்தது.

உண்மையான சண்டை, கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் செக்சமில்தான் வந்தது. அதற்கான எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கீட்டு முறை ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்தில் ஒரு கைரேகை தரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை வேறாகிவிடும். அந்தக் கைரேகைகளின் பட்டியல், கோப்புகளைக் கையாளாத வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றேன். ஒரே ஆளிடம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாமே. "அப்ப எங்க மேல சந்தேகமா சார்?" என்று எழுந்தார் இருபது வருடம் அந்த மேசையில் இருந்தவர். நாளைக்கு யாராவது உங்களைக் குற்றம் சொன்னால் இந்தப் பட்டியல்தான் உங்களுக்குச் சாட்சி என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். திருத்தம் என்றால் பழைய கோப்பை அழிக்காமல், உத்தரவு எண்ணோடு புதியதைச் சேர்க்க வேண்டும் என்ற விதியை எழுதித் தந்ததும் அவர்தான்.

அந்த 57 மறுகூட்டலில் வந்தது. தேர்வுக் குழுவின் கூட்டக் குறிப்பில், காகிதத்தில், கையொப்பத்தோடு அகப்பட்டது. ஸ்கேன் அதற்கு முந்தைய வாரம் எடுத்தது.