மூன்று இரவைத் தின்ற பன்னிரண்டாம் பின்

ஒருவழியாக மானிட்டரில் அதன் முழு அளவான 1600×900 புள்ளி வந்துவிட்டது.

பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு போட்டேன். இன்ஸ்டால் சிக்கலில்லாமல் முடிந்தது. ரீபூட் ஆனதும் பார்த்தால் ஐகான் எல்லாம் சப்பையாக அகன்று கிடக்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்கில் 1024×768க்கு மேல் ஒன்றும் இல்லை. 20 இன்ச் மானிட்டர், விஜிஏ கேபிள் (முனையில் 15 பின் வரிசை உள்ள பழைய வகை), போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ்.

முதல் முட்டாள்தனம் என்னுடையதுதான். திரைக் கோளாறு என்றாலே நோமோட்செட் என்ற பூட் ஆப்ஷனைப் போட்டுக் கை பழகிவிட்டது. சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் கிரப்பில் இதற்கும் அதையே சேர்த்தேன். அது டிரைவரையே வேலை செய்யவிடாமல் ஒதுக்கிவைக்கிற சமாச்சாரம். திரை அளவுகளைக் காட்டி மாற்றும் எக்ஸ்ராண்டர் கமாண்டில் பட்டியல் ஒரே ஒரு வரியாகச் சுருங்கிப்போனது. எடுத்துவிட்டு கிரப்பை அப்டேட் செய்ததும் பழைய 1024 திரும்பி வந்தது. ஓர் இரவு காலி.

அடுத்து, மோடை (திரை அளவும் அதற்கான நேரக் கணக்கும்) நானே கையால் சேர்ப்பது என்று இறங்கினேன். சிவிடி கமாண்டில் அகலம் 1600, உயரம் 900, நொடிக்கு 60 தடவை என்று கொடுத்தால், புள்ளிகளை அனுப்பும் வேகம் 118.25 மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் ஒரு நீள வரி தரும். அதை எக்ஸ்ராண்டரில் நியூமோட், ஆட்மோட் என்று ஏற்றினால் திரை நிறைந்துவிட்டது. ஒரே கொண்டாட்டம், ஒரு நிமிஷத்துக்கு. கிட்டப் போய்ப் பார்த்தால் எழுத்துகள் சில இடத்தில் கூர்மை, சில இடத்தில் மசமச. டெர்மினலில் 'ய'வையும் 'ப'வையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மானிட்டரின் ஆட்டோ பட்டனை இருபது தடவை அமுக்கியிருப்பேன், ஒன்றும் நடக்கவில்லை. லாகின் ஆனதும் ஓடும் எக்ஸ்புரொஃபைல் ஃபைலில் அந்த வரியைப் போட்டால் லாகின் திரை மட்டும் இன்னமும் 1024லேயே நிற்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட மனசு வரவில்லை.

மூன்றாம் இரவுதான் ஈடிஐடி ஞாபகம் வந்தது. மானிட்டர் தன்னைப்பற்றித் தானே சொல்லும் 128 பைட் ஜாதகம். ஹார்டுவேர் தகவல்கள் இருக்கும் சிஸ் கோப்புறைக்குள் விஜிஏ போர்ட்டின் ஈடிஐடி ஃபைல் இருக்கும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்ட் போட்டால் அளவு எப்போதுமே 0 என்றுதான் காட்டும், அதை நம்பக் கூடாது. உள்ளே இருப்பதைப் படித்து எண்ண வேண்டும். எண்ணினேன். நிஜமாகவே 0. மானிட்டர் என்ன சொல்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் சிஸ்டத்தின் மையமான கெர்னல் எதற்கும் ஆபத்தில்லாத 1024×768ஓடு நின்றுகொண்டது.

கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். 9ஆம் பின் இல்லை, அது பல கேபிள்களில் இருக்காது, பரவாயில்லை. கடைசி வரிசையில் 12ஆம் பின் உள்ளே அமுங்கி, மொட்டைத் தலை மட்டும் தெரிந்தது. ஜாதகம் வரும் பாதை 12ம் 15ம். படத்துக்கான பின்களுக்கு ஒன்றும் ஆகாததால் படம் மட்டும் ஜம்மென்று வந்துகொண்டிருந்திருக்கிறது! ட்வீசரால் இழுத்துப் பார்த்தேன், வந்த வேகத்தில் திரும்ப உள்ளே போய்விட்டது.

மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு. முதல் கடைக்காரர் "யாரு சார் இப்போ விஜிஏ கேக்குறாங்க" என்று சிரித்துவிட்டு எச்டிஎம்ஐ மாற்றியை நீட்டினார். நாலாவது கடையில் தடிமனான கேபிள் கிடைத்தது. வாங்கும்போதே முனையைத் திருப்பிப் பின்னை எண்ணிவிட்டுத்தான் காசு கொடுத்தேன். எதிர்க்கடையில் பழைய 4 ஜிபி ராம் குச்சிகள் குவிந்து கிடந்தன, இரண்டு எடுத்திருக்கலாம்.

புதுக் கேபிள் மாட்டியதும் 128 பைட் வந்தது, லாகின் திரையும் சேர்த்துச் சரியானது. மானிட்டர் கேட்டது 108 மெகாஹெர்ட்ஸ். நான் திணித்தது 118.25. எழுத்து மசமசவென்று இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

இந்தப் பெட்டியை வீட்டுக்கு ஃபைல் சர்வராக்குவதாகத் திட்டம். அப்படியானால் அதற்கு மானிட்டரே தேவையில்லை என்று வீட்டில் சொல்லிக்காட்டியாகிவிட்டது. எக்ஸ்புரொஃபைலில் போட்ட அந்த வரியை இன்னும் அழிக்கவில்லை. லாகின் ஆனதும் எழுத்து திரும்ப மசமச என்றானபோதுதான் அது ஞாபகம் வந்தது.