டயப்பர் மாற்றும்போது காலைத் தூக்காதீர்கள்

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. ஒரு நைட் டியூட்டியில், 27 வாரத்திலேயே பிறந்து முந்தின நாள்தான் எங்களிடம் வந்திருந்த குழந்தைக்கு டயப்பர் மாற்றப் போனேன். எடை ஒரு கிலோகூட இல்லை. எல்லாரும் செய்வதுபோல இரண்டு கணுக்காலையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, இடுப்பு எழும்பும்படி மேலே தூக்கினேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. சீனியர் சிஸ்டர். "இறக்கு. மெதுவா இறக்கு" என்றார். இறக்கினேன். திட்டவெல்லாம் இல்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழையதை உருவி, புதியதை அடியில் செருகி, முப்பது நொடியில் அவரே வேலையை முடித்துவிட்டுப் போனார்.

காலையில் டியூட்டி முடியும்போதுதான் கேட்டார்: "காலைத் தூக்கினா ரத்தம் எங்க போகும்?" நான் முழித்தேன். "தலைக்குப் போகும். அந்தத் தலைக்குள்ள என்ன இருக்குன்னு படிச்சிட்டு வா."

படித்தேன். அன்றிலிருந்து என் கை மாறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மூளைக்கு நடுவில் நீர் நிரம்பிய அறைகள் இருக்கின்றன, வென்ட்ரிக்கிள் என்பார்கள். அவற்றின் ஓரத்தில், கருவில் இருக்கும் காலத்தில் மட்டும், புது செல்கள் முளைக்கிற ஓர் இடம் உண்டு. பெயர் ஜெர்மினல் மேட்ரிக்ஸ். நான் அதை நாற்றங்கால் என்று வைத்துக்கொண்டேன்: அங்கே முளைத்து, பிடுங்கி நட்டதுபோல மூளையின் வெளிப்பகுதிகளுக்கு நகர்ந்து போகின்றன. வேலை அதிகம் என்பதால் ரத்தக் குழாய்களும் அதிகம், ஆனால் அந்தக் குழாய்களின் சுவர் பட்டுத்துணி மாதிரி, தாங்காது. ஏறக்குறைய 34, 35 வாரத்துக்குள் இந்த நாற்றங்கால் சுருங்கி மறைந்துவிடும். அதற்கு முன்னால், குறிப்பாக 32 வாரத்துக்கு முன்னால் பிறந்துவிடும் குழந்தை அதை அப்படியே தலைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நமக்கெல்லாம் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். குறைமாதக் குழந்தைக்கு, அதுவும் உடம்பு முடியாமல் இருக்கும்போது, அந்தக் கட்டுப்பாடு சரியாக வேலை செய்யாது. உடம்பில் அழுத்தம் ஏறினால் மூளையிலும் ஏறும், இறங்கினால் அங்கேயும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் மெல்லிய குழாய் உடைந்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது. பெரும்பாலான கசிவுகள் முதல் 72 மணி நேரத்துக்குள் நடந்துவிடும். கிட்டத்தட்ட பாதி, முதல் நாளிலேயே. உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்து ஒன்று முதல் நான்கு வரை கிரேடு போடுவார்கள். ஒன்று, இரண்டு என்றால் பெரும்பாலும் பெரிதாகப் பயப்பட வேண்டாம். மூன்று, நான்கு என்றால் டாக்டர் பெற்றோரை உட்கார வைத்துப் பேசுவார்.

ஆக, அந்த மூன்று நாளும் எங்கள் வேலை பாதி செய்வது, பாதி செய்யாமல் இருப்பது.

செய்யாமல் இருப்பது என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற ஒரு தாத்தாவுக்கு, "ஏன் சிஸ்டர், கொழந்தைகிட்ட யாருமே போக மாட்டேங்கறீங்க?" என்றுதான் தோன்றும். போகாமல் இருப்பதுதான் சிகிச்சை என்று எப்படிச் சொல்வது? தலையை இடமும் வலமும் திருப்பாமல் மூக்கும் தொப்புளும் ஒரே நேரில் இருக்கும்படி வைப்போம், கழுத்து திரும்பினால் தலையிலிருந்து ரத்தம் வடியும் சிரை அழுத்தப்படும் என்பதால். தலைப்பக்கம் படுக்கையைக் கொஞ்சம் உயர்த்தி வைப்போம். ரத்தம் எடுத்தாலும் மருந்து செலுத்தினாலும் சிரிஞ்சை மெதுவாக, கடிகாரம் பார்த்துத் தள்ளுவோம். சக்‌ஷன் போடுவது (குழாய் வைத்துச் சளியை உறிஞ்சுவது) நேரம் ஆகிவிட்டது என்பதற்காக அல்ல, தேவைப்பட்டால் மட்டும். குளிப்பாட்டுவது கிடையாது. எடைகூட எல்லா இடத்திலும் பார்ப்பதில்லை. வென்டிலேட்டரில் இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு அளவைக் கவனிக்க வேண்டும். மிகவும் குறைந்தால் மூளைக் குழாய்கள் சுருங்கும், ஏறினால் விரியும், இரண்டுமே கெடுதல். டாக்டர்கள் பாதி ராத்திரி அதற்காகவே மெஷினைத் திருகிக்கொண்டு நிற்பார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தலையை நேராக வைப்பதால் மட்டும் கசிவு குறைகிறது என்று ஆய்வுகள் அடித்துச் சொல்லவில்லை. காலைத் தூக்குவதும் அப்படித்தான். அதனால் ஒரு குழந்தைக்குக் கசிவு வந்தது என்று யாரும் விரல் நீட்ட முடியாது. உடல் இயங்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் நியாயமாகப் படுகிறது, செலவில்லை, தீங்கும் இல்லை, அதனால் செய்கிறோம். குழந்தையின் உயிரையும் மூளையையும் காப்பதில் வலுவான ஆதாரம் உள்ளவை பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்னாலும் பிரசவ அறையிலும் நடந்து முடிந்துவிடுகின்றன: குறைமாதப் பிரசவம் வரப்போகிறது என்று தெரிந்ததும் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி (1972ல் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கியது), தாய்க்குக் கொடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட், தொப்புள்கொடியை உடனே கவ்வாமல் ஒரு நிமிடமாவது பொறுப்பது. அப்புறம் எங்களிடம் வந்தபின் கொடுக்கிற கஃபீன். ஆமாம், காப்பியில் இருக்கும் அதே சமாசாரம்தான். மூச்சு நின்று நின்று போவதைத் தடுக்கக் கொடுத்தது, ஒன்றரை வயதில் போய்ப் பார்த்தால் பெருமூளை வாதத்தையும் குறைத்திருந்தது என்று 2007ல் தெரியவந்தது. இதையெல்லாம் செய்தும் சில குழந்தைகளுக்குக் கசியும். யார் செய்த தப்பும் இல்லாமல் கசியும். "நான் மாடிப்படி ஏறினேனே, அதனாலயா சிஸ்டர்?" என்று கேட்கிற அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் இல்லை.

சரி, மூன்று நாள் முடிந்தது. அதோடு கண்டம் தாண்டியது என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் நினைத்தேன். உண்மையில் அங்கேதான் மெதுவான வேலை தொடங்குகிறது. 25 வாரக் குழந்தையின் மூளை கிட்டத்தட்ட வழவழவென்று இருக்கும். 40 வாரத்தில் அக்ரூட் (வால்நட்) பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக ஆகிவிடும். அந்த மடிப்புகள் எல்லாம் கருப்பையின் இருட்டில் விழ வேண்டியவை, இந்தக் குழந்தைக்கு மட்டும் டியூப் லைட்டுக்குக் கீழே, எங்கள் அலாரம் சத்தத்துக்கு நடுவே விழுகின்றன.

சத்தத்தைப் பற்றி என்னை எழுத விட்டால் நிறுத்த மாட்டேன். இந்த வார்டுகளில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1997லேயே சொல்லிவிட்டது. சாதாரணமாக இரண்டு பேர் பேசினாலே 60 வரும். ஒருமுறை இன்குபேட்டருக்குள் காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள் (காலியான இன்குபேட்டரில்தான்!). வெளியே யாராவது அதன் மேல் ஒரு ஃபீடிங் பாட்டிலை வைத்தால், உள்ளே அது 'டக்' இல்லை, 'டமார்'. கை நுழைக்கும் ஜன்னலின் கொக்கி விழுகிற சத்தம் 80 டெசிபலைத் தாண்டும். நாங்கள் எல்லாருமே இன்குபேட்டரின் மேற்புறத்தை மேசையாகப் பயன்படுத்தி வந்தோம். கேஸ் ஷீட் அங்கே, பேனா அங்கே, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரின் முழங்கை அங்கே. இப்போது நான் டியூட்டியில் இருந்தால் மேலே மடித்த போர்வை ஒன்று கிடக்கும், யாரும் எதையும் வைக்க முடியாது. கொக்கியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மூடுவேன். புதிதாக வரும் பிள்ளைகள் "அக்கா ரொம்பப் பண்றாங்க" என்று பேசிக்கொள்வது எனக்கும் தெரியும்.

சத்தம் ஏன் முக்கியம்? தூக்கம் கெடுகிறது. குறைமாதக் குழந்தையின் தூக்கத்தில் பெரும்பகுதி சலனத் தூக்கம். இமைக்குள் கண் உருளும், உதடு சுழிக்கும், விரல் துடிக்கும், திடீரென்று ஒரு சிரிப்பு வந்து போகும். பார்க்கிறவர்களுக்குக் குழந்தை விழித்துவிட்டதுபோல் தோன்றும், உடனே தொடுவார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் மூளை தன் இணைப்புகளைப் பின்னுகிறது, பார்வைக்கும் அசைவுக்கும் ஒத்திகை பார்க்கிறது. வெப்பநிலை ஒரு தடவை, பால் ஒரு தடவை, டயப்பர் ஒரு தடவை என்று தனித்தனியாக எழுப்பினால் அந்தப் பின்னல் எப்போது முடியும்? அதனால் வேலைகளைச் சேர்த்துச் செய்கிறோம். அதற்காக ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்து குழந்தையைக் களைக்க வைப்பதும் தப்பு. கை விரல் விரிந்து, முகம் சுளித்து, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கத் தொடங்கினால் "போதும், விடு" என்று குழந்தை சொல்வதாக அர்த்தம். விட்டுவிட வேண்டும். பாதி வேலை மிச்சமிருந்தாலும்.

வலியும் அப்படித்தான். நம்ப மாட்டீர்கள், 1980கள் வரைக்கும் பச்சிளம் குழந்தைக்கு வலி உணர்வு சரியாக இருக்காது என்று நம்பி, மயக்க மருந்தே சரிவரக் கொடுக்காமல் அறுவை சிகிச்சை செய்த இடங்கள் இருந்தன. 1987ல் ஆனந்த் என்ற டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது: வலி மருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவை சிகிச்சையை நன்றாகத் தாங்கியது, கொடுக்கப்படாத குழந்தைகள் திண்டாடின. இன்று பெரிய அறுவை சிகிச்சையில் அந்தக் கொடுமை இல்லை, ஆனால் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது தினசரி நடக்கிறது. குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் சில சொட்டுத் தாய்ப்பாலோ சர்க்கரைக் கரைசலோ வைத்து, இன்னொருவர் கையையும் காலையும் வயிற்றோடு மடக்கிப் பிடித்துக்கொண்டால், அழுகை பாதியாகக் குறைவதை என் கண்ணால் தினமும் பார்க்கிறேன். அந்த இன்னொருவர் நர்ஸாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவாக இருக்கலாம். ஒருமுறை ஒரு அப்பா பிடித்துக்கொண்டு, தான் கண்ணை மூடிக்கொண்டார். பரவாயில்லை, கை நகரவில்லை.

பத்து மாதம் முடிந்து பிறந்து, பிரசவத்தில் ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தைகளின் கதை வேறு. அங்கே குளிர்விப்பார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடலை 33.5 டிகிரிக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றுவார்கள். மூச்சுத் திணறலில் அடிபட்ட மூளை செல்களில் ஒரு பகுதி உடனே சாகாது, சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலையாகச் சாகும். குளிர் அந்த அலையை அடக்குகிறது. பாட்டிகள் தொட்டுப் பார்த்துவிட்டு "ஜில்லுன்னு இருக்கே, போர்த்தி விடக்கூடாதா" என்று கண்கலங்குவார்கள். போர்த்தக் கூடாது.

இனி கங்காரு முறை. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல், எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் தாயின் நெஞ்சிலேயே குழந்தையைக் கட்டி வைக்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் செய்தது. 2021ல் வந்த பெரிய ஆய்வில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை உடல் நிலைப்படும் வரை காத்திராமல் பிறந்தவுடனே தாயின் நெஞ்சில் போட்டதில், இறப்பு கால்பங்கு குறைந்தது. அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனமும் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. மூளைக்கு என்ன என்று கேட்டால்: நெஞ்சுக்கூட்டில் கேட்கும் இதயத் துடிப்பு, தெரிந்த வாசனை, தெரிந்த குரல், நிலையான சூடு, நீண்ட தூக்கம். நாங்கள் இவ்வளவு மெனக்கெட்டு இன்குபேட்டருக்குள் கொண்டுவரப் பார்ப்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

நெஞ்சில் போட முடியாத நாட்களில் தொடுவதற்கும் ஒரு முறை உண்டு. வருடாதீர்கள். மெல்லிய வருடல் அந்தத் தோலுக்குக் கூச்சமும் எரிச்சலும்தான். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு கை தலை மேல், ஒரு கை மடங்கிய கால்களின் மேல், அப்படியே அசையாமல் வையுங்கள். எடுக்கும்போதும் மெதுவாக, ஒரு கை, பிறகு இன்னொரு கை. முதல் நாள் இதைச் செய்யும் அம்மாக்களுக்குக் கை வலிக்கும், பயமாக இருக்கும். ஒரு வாரத்தில் எங்களைவிட நன்றாகக் குழந்தையைப் படிப்பார்கள்.

போன மாதம் ஒரு மதியம், 31 வாரத்தை எட்டியிருந்த குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா சாய்வு நாற்காலியில் கிடந்தார். மூன்று மணி. வெப்பநிலை எடுக்க வேண்டும் என்று போனேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, கிசுகிசுத்தார்: "இப்பத்தான் கண்ணு உருட்ட ஆரம்பிச்சிருக்கான் சிஸ்டர். அரை மணி நேரம் கழிச்சு வாங்க."

திரும்பி வரும்போது மருந்து அலமாரிக் கதவை அவசரத்தில் கொஞ்சம் சத்தமாக மூடிவிட்டேன். பின்னாலிருந்து ஒரு "ஷ்ஷ்" வந்தது.