பேசாத நாட்கள்

நவம்பர் 20

நாளைக் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பாப்பாவைத் தூங்க வைக்கும்போது அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டேன். "என்னம்மா?" என்றாள். ஒன்றுமில்லை, தூங்கு என்றேன்.

நவம்பர் 21

முடிந்தது. குரல்நாணில் இருந்த கட்டி பட்டாணி அளவுகூட இல்லையாம். பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இனி பதினான்கு நாள் பேசக் கூடாது.

நவம்பர் 23

கிசுகிசுப்பதும் கூடாது. அதுவும் குரல்நாண்களை இறுக்கிவிடுமாம். இருமல் வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்து அடக்க வேண்டும். கூப்பிடுவதற்கு என்று பூஜை மணியை எடுத்து என் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார் இவர். ஆட்டினேன். பாப்பா ஓடிவந்து கைகூப்பி நின்றாள். அவளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அழுவதும் தொண்டைக்கு ஆகாது.

மாலையில் எதிர்வீட்டுத் தாத்தா வந்தார். ஓர் இசைத்தட்டு, கூடவே அவருடைய பழைய பிளேயர். "இவருக்கும் தொண்டையில் இதே ஆபரேஷன்தான்" என்றார். ஓட்டிஸ் ரெட்டிங், அறுபதுகளின் அமெரிக்கப் பாடகர். அட்டையில் 'ஹிஸ்டரி ஆஃப் ஓட்டிஸ் ரெட்டிங்' என்று போட்டிருக்கிறது. 1967 நவம்பரில் வந்த தொகுப்பு. அதுவரை வந்த பெரிய பாட்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

நவம்பர் 24

காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டேன்.

என்ன குரல் இது! 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்' 1932-ஆம் ஆண்டுப் பாட்டு. எத்தனையோ பேர் நளினமாகப் பாடிவிட்டுப் போனது. இவர் மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி எடுக்கிறார். அல் ஜாக்ஸன் டிரம்மின் விளிம்பைக் கடிகாரம் போலத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அப்புறம் ஆர்கன், கிட்டார், ஊதுகருவிகள் ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் அந்த மனிதர் சொற்களையே விட்டுவிட்டு வெறும் ஓசையாகக் கத்துகிறார். கேட்கும்போது என் தொண்டை வலித்தது. இப்படிப் பாடினால் புண்ணாகாமல் என்ன செய்யும் என்று தோன்றியது. என்னைப் பற்றியும் டாக்டர் அதையேதான் சொன்னார். இருபது குழந்தைகள் இருக்கும் அறையில் பன்னிரண்டு வருஷம் கத்தியிருக்கிறேன்.

நவம்பர் 25

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

நவம்பர் 27

இங்கே அமெரிக்காவில் நன்றி நாள் விடுமுறை. சாலையில் ஆளே இல்லை. தாத்தா 'பம்ப்கின் பை' என்ற பூசணி இனிப்பு கொண்டுவந்தார், நான் ரசம் கொடுத்தனுப்பினேன். இங்கே நான் ஒன்றும் பேச முடியாததால் எல்லோரும் என்னிடம் நிறையப் பேசுகிறார்கள். தாத்தா 1962-இல் நடந்ததைச் சொன்னார். ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார்க்காரரை ஜார்ஜியாவிலிருந்து மெம்ஃபிஸுக்குக் காரில் கூட்டிப்போனவர் ஓட்டிஸ். போன இடம் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோ, மெக்லமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமாக் கொட்டகை. கொட்டகையின் சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்களாம். ஜென்கின்ஸின் ஒலிப்பதிவு சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த நேரத்தில் வண்டி ஓட்டி வந்தவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அவர் பாடியது 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்'. அதுவும் இந்தத் தட்டில் இருக்கிறது. இளம் குரல், கொஞ்சம் நடுங்குகிறது. அந்த நடுக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பர் 28

ரிசல்ட் வரவில்லை. போன் அடித்தால் எடுத்துப் பேச என்னால் முடியாது என்பது அவர்களுக்கு நினைவிருக்குமா?

நவம்பர் 30

இன்று ஒன்று கவனித்தேன். இந்தத் தட்டில் கூடப் பாடுகிற பெண்குரல்கள் எங்கே என்று தேடிப் பார்த்தால், அந்த இடத்திலெல்லாம் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் பதில் சொல்கின்றன. அவற்றுக்கான மெட்டைப் பெரும்பாலும் ஓட்டிஸே வாயால் பாடிக் காட்டுவாராம். ஊதுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். 'ஃபா ஃபா ஃபா' பாட்டு அப்படி ஊதுகுழல் மெட்டையே வாயால் பாடுவதுதான். எனக்குச் சொற்கள் இல்லாத இந்த நாட்களில் அந்தப் பாட்டு பெரிய ஆறுதல். பாப்பா மனப்பாடமே செய்துவிட்டாள். அவள் ஃபா ஃபா என்பாள், நான் மணியை ஆட்டுவேன்.

டிசம்பர் 1

இந்தத் தட்டில் 'டாக் ஆஃப் தி பே' இல்லை.

இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருடைய பாட்டுகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது அது ஒன்றுதான், அது இல்லை. எப்படி இருக்கும்? தட்டு வந்தது நவம்பரில். ஆபரேஷனுக்குப் பிறகு வாரக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தவர், அந்த நவம்பர் கடைசியில்தான் ஸ்டுடியோவுக்குள் போய் அதைப் பாடத் தொடங்கினார். 'வரலாறு' என்று அட்டை அச்சாகிக் கடைக்கு வரும்போது அந்தப் பாட்டு இன்னும் முடியவில்லை. அவருக்கு வயது இருபத்தாறு.

ராத்திரி இரண்டு மணி ஆகிறது. தூக்கம் வரவில்லை. ஒருவேளை என் குரலின் வரலாறும் நவம்பர் இருபதோடு முடிந்துவிட்டதா? பாப்பாவின் பெயரை மூன்று முறை சொன்னேனே, அதை ஃபோனில் பதிந்து வைத்திருக்க வேண்டும். தோன்றவே இல்லை.

டிசம்பர் 2

தட்டைப் போடவில்லை. யார் மேலும் கோபமில்லை, எல்லார் மேலும் எரிச்சல்.

டிசம்பர் 3

ஒன்றுமில்லையாம். வெறும் பாலிப், சாதாரணச் சதை வளர்ச்சி. புற்றுநோய் இல்லை. இவர் போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் 5

பதினான்காம் நாள். இன்று ஐந்து நிமிடம் பேசலாம். ஸ்ட்ராவைத் தண்ணீரில் வைத்து ஊதி ஊதி, மெதுவாக ஒரு 'ம்' வந்தது. அப்புறம் பாப்பாவின் பெயர். அவள் என்னையே பார்த்தாள். "அம்மா, நீ வேற யாரோ மாதிரி இருக்கே" என்றாள். மெல்லிய குரல், சன்னமாகக் கீழே போகிறது. மேலே எடுத்தால் காற்றுதான் வருகிறது.

மீதி நான்கு நிமிடத்தைப் பயன்படுத்தவில்லை.

டிசம்பர் 7

தாத்தாவிடம் எழுதிக் காட்டினேன்: "ஆபரேஷனால்தானே அந்தக் கடைசிப் பாட்டில் அவர் குரல் இவ்வளவு அடங்கிப்போனது?" தாத்தா இல்லையென்று வேகமாகத் தலையாட்டினார். வீட்டுக்குப் போய் இன்னொரு தட்டு எடுத்துவந்தார். 1968-இல் வந்தது. அதில் 'ஹார்ட் டு ஹேண்டில்' போட்டார். சுவர் அதிர்ந்தது. இதுவும் அதே கடைசி வாரங்களில் பாடியது என்றார். கத்த முடியாமல் போகவில்லை. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும், கத்த வேண்டாம் என்று அவரே நினைத்திருக்கிறார். கலிஃபோர்னியாவில் ஒரு படகுவீட்டில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கி, ஸ்டாக்ஸ் கிட்டார்க்காரர் ஸ்டீவ் க்ராப்பரோடு சேர்ந்து முடித்த பாட்டு. கடைசியில் சீழ்க்கை அடிக்கிறார். அலையோசையையும் கடற்பறவைகளையும் க்ராப்பர் பிறகு சேர்த்தார், ஓட்டிஸ் இறந்தபின்.

எனக்கு இது இரண்டு நாளைக்கு மனதைவிட்டுப் போகாது என்று தெரியும்.

டிசம்பர் 8

பத்து நிமிடம். மேல்ஸ்தாயி இன்னும் இல்லை. கீழே கொஞ்சம் உறுதி.

டிசம்பர் 10

இங்கே மேடிசனில் இருக்கும் மொனோனா ஏரிக்குப் போனோம், நான்கு பேரும். கரையோரம் மெல்லிய பனிக்கட்டி, நடுவில் இன்னும் கறுப்புத் தண்ணீர். கரையில் உள்ள மொனோனா டெரஸ் கட்டட மாடியில் ஓட்டிஸ் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. 1967-இல் இதே நாள் பிற்பகல், க்ளீவ்லேண்டிலிருந்து வந்த சின்ன விமானம் இந்த ஏரியில் விழுந்தது. விமான நிலையம் நான்கைந்து மைல் தூரம்தான். ஓட்டிஸோடு, அவருக்குப் பின்னணி வாசித்த பார்-கேஸ் குழுவின் நான்கு பையன்களும் இறந்துபோனார்கள். பெரும்பாலும் அந்த வருஷம்தான் பள்ளி முடித்தவர்கள். டிரம்பெட்காரர் பென் காலி மட்டும் இருக்கை மெத்தையைக் கட்டிக்கொண்டு மிதந்தார். நீச்சல் தெரியாதவர். தண்ணீரில் நண்பர்கள் உதவிக்குக் கூப்பிட்டது அவர் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகும் அவர் டிரம்பெட் ஊதினார், நாற்பது வருஷத்துக்கு மேல். எப்படி முடிந்தது? மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குளிர் வந்திருக்காதா?

தாத்தாவுக்கு அப்போது இருபது வயது. கோரம் தெருவில் ஃபேக்டரி என்ற அரங்கில் அன்று இரவு கச்சேரி. டிக்கெட் வாங்கி வைத்திருந்தாராம். வாசலில் போய் நின்றபோதுதான் செய்தி தெரிந்தது. அடுத்த மாதம் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. முதல் முறை கேட்டபோது வேறு யாரோ என்று நினைத்தேன் என்றார்.

பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

காற்று பலமாக இருந்ததால் நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து வெந்நீர் குடித்துவிட்டு, தாழ்ந்த குரலிலேயே அவளுக்குக் கதை சொன்னேன். காதை என் வாயருகே வைத்துக்கொண்டு கேட்டாள். பத்து நிமிடம் முடிந்ததும் பூஜை மணியை எடுத்து அவளே ஆட்டினாள்.

டிசம்பர் 11

பதினைந்து நிமிடம். காலையில் அவளை எழுப்ப இரண்டு போயிற்று. மீதி பதின்மூன்றையும் மாலைக்கு வைத்திருக்கிறேன்.