எஸ்.எஃப்-86 படிவத்தின் 23ஆம் பிரிவு: பழைய கஞ்சாப் பழக்கமும் கிளியரன்ஸும்

அமெரிக்காவில் பாதுகாப்புத்துறை ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கிடைத்து கிளியரன்ஸுக்கு, அதாவது ரகசியத் தகவலைக் கையாள அரசு தரும் பாதுகாப்பு அனுமதிக்கு, விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு (குடியுரிமை இருந்தால்தான் இந்தப் பேச்சே) அதற்கான எஸ்.எஃப்-86 படிவத்தில் போதைப்பொருள் பற்றிக் கேட்கும் 23ஆம் பிரிவு வந்ததும் கை நின்றுவிடும். கல்லூரியில் நாலைந்து முறை கஞ்சா இழுத்ததை எழுதினால் வேலை போய்விடுமோ என்ற பயம். அதனால் மட்டும் போவது குறைவு. மறைத்து அகப்பட்டால்தான் பெரும்பாலும் போகிறது.

கேள்வி கடந்த 7 ஆண்டுகளைப் பற்றியது. ஆனால் கிளியரன்ஸ் கையில் இருந்தபோது பயன்படுத்தியதுண்டா என்று கேட்கும் இடத்தில் இந்த வரம்பு கிடையாது. எத்தனை ஆண்டு பழையதானாலும் எழுத வேண்டும். கொலராடோவில் கடைக்குப் போய் ரசீதோடு வாங்கியதும் சேரும். மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டமே கணக்கு என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

பலர் சறுக்குவது இங்கேதான்: புகைத்ததை எழுதுவார்கள், வாங்கியதை விட்டுவிடுவார்கள். வாங்கியதற்குத் தனிக் கேள்வி உண்டு. தேர்வு நேரத்தில் அறைத்தோழனிடம் வாங்கிப் போட்ட அட்டரால் (கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து) மாத்திரைக்கும் தனிக் கேள்வி உண்டு. மருந்துதானே என்று தாண்டிப் போகாதீர்கள். முதல் முறை, கடைசி முறை இரண்டுக்கும் மாதமும் ஆண்டும் கேட்பார்கள். நினைவில்லாவிட்டால் தோராயம் என்று குறியிடலாம். 'எப்போதாவது' என்று எழுதாமல் '2019 முதல் 2021 வரை, மாதம் ஒருமுறை, நண்பர்களோடு' என்று எழுதுங்கள். நேர்காணலில் விசாரணை அதிகாரி யாரோடு, எங்கே, யார் காசில் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அப்போது எண்ணிக்கை கூடினால், பழக்கத்தைவிட அந்த வித்தியாசம்தான் பெரிதாகத் தெரியும்.

உண்மையாக எழுதிய பதிலைப் பின்னால் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று படிவமே உறுதி தருகிறது. பொய்க்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. முன்பு ராணுவத்துக்கோ காவல்துறைக்கோ விண்ணப்பித்தவர்கள் அங்கே என்ன சொன்னோம் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புண்டு.

முடிவெடுப்பவர்கள் பார்ப்பது 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த தீர்ப்பு நெறிகளில் போதைப்பொருள் பற்றிய எச் என்ற பகுதி. இத்தனை ஆண்டு விலகியிருந்தால் போதும் என்ற கணக்கு அதில் இல்லை. எவ்வளவு காலம் முன்பு, எவ்வளவு அடிக்கடி, அந்தக் கூட்டத்தை விட்டு வந்தாயிற்றா என்று பார்ப்பார்கள். இனி தொட்டால் அனுமதியை ரத்து செய்யலாம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட உறுதிமொழிக்கு மதிப்புண்டு. கஞ்சாவைப் பொறுத்தவரை, பழைய பயன்பாடு மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் அலுவலகம் எழுத்தில் தெளிவாக்கியது. அதே குறிப்பு, படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு தொடவே கூடாது என்கிறது. அதை மீறியவருக்காக வாதாட எங்களுக்குத் தெரிந்து நல்ல வழி இல்லை. இப்போதும் பயன்படுத்துபவருக்கு அனுமதி தரச் சட்டமே தடை.

கஞ்சா இனச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயையும் விட்டுவிடுங்கள். போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள் என்று புட்டியில் போட்டிருப்பதை நம்பி, சோதனையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

எஃப்.பி.ஐ. கதை வேறு. அது வேலைக்கான விதி: கஞ்சா விட்டு 1 ஆண்டு, மற்ற போதைப்பொருள்கள் விட்டு 10 ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு மறுப்புக்கான காரண அறிக்கை வந்தால், கிடைத்த 20 நாளுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று உறுதிமொழியோடு பதில் தர வேண்டும். நேரடி விசாரணை வேண்டுமென்றால் அதிலேயே கேட்டுவிடுங்கள். போதைப்பொருள் சோதனை முடிவு, சிகிச்சை பெற்றிருந்தால் மருத்துவர் கடிதம், உறுதிமொழி எல்லாவற்றையும் நீதிபதி முடிவெடுக்கும் முன்பே சேர்த்துவிட வேண்டும். மேல்முறையீட்டில் புதிய சான்று எதையும் ஏற்க மாட்டார்கள். தோற்றால், முதல் மறுப்பு முடிவிலிருந்து ஓராண்டு கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும்.