மெல்க் மடத்துப் புனித கொலொமானும் டான்யூப் கரைப் பயணமும்

ஆஸ்திரியாவின் மெல்க் நகருக்கு வருவோரில் பலர், டான்யூப் நதிக்கு மேலே பாறை முகட்டில் மஞ்சளும் வெண்மையுமாக நீண்டு நிற்கும் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபை மடத்தின் கட்டட அழகைக் காண வருகிறார்கள். என்னை அங்கே ஈர்த்தவர், மடத்து ஆலயத்தின் இடப்பக்கப் பீடத்தில் துயில்கொள்ளும் புனித கொலொமான்.

அயர்லாந்திலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்ட திருப்பயணி அவர். 1012இல் வியன்னாவுக்கு வடமேற்கே உள்ள ஸ்டோக்கெராவ் என்னும் ஊரை அவர் அடைந்தபோது, எல்லைப் பூசல்களால் அஞ்சிக் கிடந்த மக்கள், உடையாலும் பேச்சாலும் வேறுபட்டிருந்த அவரை ஒற்றன் என்று ஐயுற்று வதைத்துத் தூக்கிலிட்டார்கள். அவ்வூர் மொழி அறியாத அவரால், தாம் இறைவனின் நகரை நாடிச் செல்பவர் என்று சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ள முடியவில்லை. அவருடைய உடல் நெடுநாள் அழியாதிருந்ததாகவும், அவரைத் தொங்கவிட்ட பட்டமரம் துளிர்த்ததாகவும் மரபு கூறுகிறது. 1014இல், அப்போது இப்பகுதியை ஆண்ட பாபன்பெர்க் மரபின் முதலாம் ஹென்றி அந்த உடலை மெல்க்கிற்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். 1089இல் அம்மரபின் இரண்டாம் லியோபோல்டு தம் கோட்டையைத் துறவியருக்கு அளிக்க, மடம் தோன்றியது. கொன்ற மக்களின் மண்ணுக்கே கொலொமான் பாதுகாவலராகி, 1663 வரை அந்நிலையில் போற்றப்பட்டார். மொழி புரியாத ஊரில் ஐயத்தோடு பார்க்கப்பட்ட எவரும் தம் வேதனையை இவரிடம் துணிந்து சொல்லலாம் என்பது என் நம்பிக்கை.

இன்று நாம் காணும் மடத்தை, மடாதிபதி பெர்த்தோல்டு டீட்மாயரின் விருப்பப்படி 1702இல் கட்டத் தொடங்கியவர் யாக்கோப் பிராண்ட்டவர். ஆலயத்தின் பொன்னொளி முதலில் கண்ணைக் கூசச் செய்கிறது. எளிமையை நாடும் பக்தர் சிலர் இதை மிகை என்றும் கருதலாம். ஆனால் நடுப்பீடத்தின் அருகே சென்று பார்த்தால், அத்தனை பொன்னுக்கும் நடுவே இருப்பது, சாவை எதிர்கொள்ளப் போகும் புனித பேதுருவும் புனித பவுலும் கைபற்றி விடைபெறும் காட்சி. மேலே ஒரு பெரிய மணிமுடி. அதனோடு, முறைப்படி போராடியவரே முடி பெறுவார் என்னும் பொருளுடைய திருத்தூதரின் வாக்கு இலத்தீனில் பொறிக்கப்பட்டுள்ளது. மறைச்சாட்சியரின் அந்த முடியை நிமிர்ந்து நோக்கிவிட்டுக் கொலொமானின் பீடத்தின் முன் முழந்தாளிட்டபோது, சொல்ல எண்ணி வந்த மன்றாட்டுகள் யாவும் மறைந்து நன்றி ஒன்றே எஞ்சியது.

அங்கிருந்து மிதிவண்டியில் நதியின் தென்கரை வழியே கிழக்கு நோக்கிப் புறப்பட்டேன். சிறிது தொலைவில் உள்ள ஷோன்புயல் ஆலயத்தின் கீழே, பெத்லகேமில் ஆண்டவர் பிறந்த குகையைப் போன்றே அமைக்கப்பட்ட நிலவறைச் சிற்றாலயம் இருக்கிறது. திருநாட்டைக் காணாமலே மடிந்த ஒருவரின் கல்லறையை வணங்கிவிட்டு வருவோருக்கு, பெத்லகேம் இவ்வளவு அருகில் காத்திருப்பது பெரும் ஆறுதல்.

வாஹாவ் எனப்படும் இந்தப் பள்ளத்தாக்கு 2000இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சரிவுகளில் கல்லடுக்கிக் கட்டிய படிகளில் திராட்சைத் தோட்டங்கள் ஏறிச் செல்கின்றன. கீழே சர்க்கரை பாதாமி (ஏப்ரிகாட்) மரங்கள். ஆர்ன்ஸ்டோர்ஃபில் மிதிவண்டியோடு படகேறி வடகரையின் ஸ்பிட்ஸை அடைந்தேன். இப்படகை அக்கரை சேர்க்க இயந்திரம் தேவையில்லை. ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்புக் கயிற்றில் பிணைக்கப்பட்டிருக்க, சுக்கானைத் திருப்பியதும் நீரோட்டமே அதைத் தள்ளிச் செல்கிறது.

வடகரையில் டூர்ன்ஸ்டைன் ஆலயத்தின் நீலநிறக் கோபுரத்துக்கு மேலே, குன்றின்மீது ஒரு பாழடைந்த கோட்டை தெரிகிறது. எருசலேமை நோக்கிய சிலுவைப்போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டு, 1192இல் பிடிபட்டு இங்கேதான் சிறைவைக்கப்பட்டார். மன்னருக்கு மீட்புப்பணம் கொடுக்க ஒரு நாடே இருந்தது. கொலொமானுக்காகப் பேச ஒருவரும் இல்லை. ஆயினும் இன்று மக்கள் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு தேடிச் செல்வது அந்த ஏழைப் பயணியின் கல்லறையை அல்லவா?

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்புவோர் வியன்னாவிலிருந்து தொடர்வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் மெல்க்கை அடையலாம். அங்கிருந்து பள்ளத்தாக்கின் மறுமுனையிலுள்ள கிரெம்ஸ் நகர் வரை ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பாதை பெரும்பாலும் சமதளமாக இருப்பதால் முதியோரும் இளைப்பாறி இளைப்பாறி ஓட்டிச் செல்ல இயலும். இயன்றால் புனிதரின் திருநாளான அக்டோபர் 13ஐ ஒட்டிச் செல்லுங்கள். திராட்சை அறுவடைக் காலமும் அதுவே.