கொய்யா பறிக்க வரும் குடும்பங்களோடு

மே மாதம் வந்துவிட்டால் மொரீஷியஸில் பிளேன் ஷாம்பான் மேட்டுக்குக் கார்களும் வேன்களும் வரிசையாக ஏறும். சீனக் கொய்யா பழுக்கும் பருவம் அது. பாட்டி முதல் கைக்குழந்தை வரை மொத்தக் குடும்பமும் வந்து இறங்கி, சின்னச் சின்னச் சிவப்புப் பழங்களைப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னும். பக்கத்திலேயே பிரியாணிப் பாத்திரம் திறந்திருக்கும். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவில் இப்படி வரும் குடும்பங்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டைக் காட்டுவது என் வேலை.

சங்கடம் என்னவென்றால், அவர்கள் ஆசையாகப் பறிக்கும் அந்தக் கொய்யாதான் எங்கள் காட்டுக்கு வந்த பெரிய கேடு. பெயரில்தான் சீனம், பிரேசிலிலிருந்து வந்த செடி அது. ஆள் நுழைய முடியாதபடி அடர்ந்து வளர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். கருங்காலி போன்ற இந்த மண்ணின் மரங்களுடைய கன்றுகள் அதன் அடியில் தலைதூக்க முடியாது. பழத்தைத் தின்னும் குரங்கும் பன்றியும் பறவையும் விதையைக் காடெங்கும் கொண்டு போகின்றன. தீவில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பழைய காடு 2 சதவீதம்கூட இல்லை.

இதைக் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது? இந்தத் தீவில் வாழ்ந்த டோடோ பறவை அழிந்த கதையிலிருந்து தொடங்குவதுதான் பலருடைய வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இழவுச் செய்தியோடு ஆரம்பித்தால் பிள்ளையின் முகம் வாடிவிடும், அப்பா கைபேசியை எடுத்துவிடுவார். பாட்டியோடு சேர்ந்து கொய்யா பறிக்கிற பிள்ளைக்குக் காட்டோடு ஏற்கெனவே ஓர் ஒட்டுதல் இருக்கிறது. அதை ஏன் அறுக்க வேண்டும்? வயிறு நிறையப் பறித்துத் தின்னட்டும் என்று விட்டுவிடுவேன்.

அப்புறம்தான் வேலியிட்டுக் களை எடுத்துப் பாதுகாக்கும் பகுதிக்குக் கூட்டிப் போவேன். எத்தனை வகை இலை தெரிகிறது என்று எண்ணச் சொல்வேன். வெளியே எங்கு பார்த்தாலும் கொய்யா இலை. உள்ளே பிள்ளைகளுக்கு விரல்கள் போதாது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதே இல்லை.

பூக்கும் காலமாக இருந்தால் ட்ரோகெட்டியா என்ற இந்த மண்ணின் செடியருகே நிறுத்துவேன். மணி போலத் தொங்கும் அந்தப் பூவின் தேன் மஞ்சள் நிறம். நீல வாலும் பச்சை உடலுமாக ஒரு பல்லி வந்து அதை நக்கும், மகரந்தத்தையும் பூவுக்குப் பூ கொண்டு போகும். பல்லி என்றதும் அம்மாக்கள் பிள்ளைகளைப் பின்னால் இழுப்பார்கள். ஒரு முறை ஒரு பாட்டி மட்டும் கிட்டே போய் நின்று, "இது மேலே விழுந்தால் என்ன பலன், மகளே?" என்று கேட்டார். எங்கள் வீடுகளில் பல்லிக்குப் பலன் பார்ப்பது இன்னும் உண்டு. பக்கத்தில் இருந்த தாழம்புதரைக் காட்டி, வல்லூறுக்குப் பயந்து பல்லி ஒளிவது இதற்குள்தான், தாழை இருக்கும் இடத்துப் பூக்களுக்குத்தான் அது அதிகம் வரும் என்றேன். பாட்டி பேரனைக் கைபிடித்துப் புதருக்குள் பார்க்க வைத்தார். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தப் பயம் அப்படிப் போயிருக்காது. பெரியவர்கள் பயப்படாத இடத்தில் பிள்ளைகளும் பயப்படுவதில்லை. அதனால்தான் பள்ளிச் சுற்றுலாவைவிடக் குடும்பமாக வருவதையே நான் அதிகம் விரும்புகிறேன்.

கடைசியில் கொய்யா நாற்றுகளைப் பிடுங்கச் சொல்வேன். "இத்தனை பெரிய காட்டில் நாங்கள் நாலு செடி பிடுங்கி என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இந்தத் தீவில் மட்டுமே இருக்கும் இளஞ்சிவப்புப் புறாவைப் பற்றிச் சொன்னேன். 1990 வாக்கில் காட்டில் பத்து அளவில்தான் மிஞ்சியிருந்தது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, தீனி வைத்து, எலியையும் பூனையையும் பிடித்து, இன்று சில நூறாகப் பெருகியிருக்கிறது. எல்லாமே வருடக்கணக்காக ஆட்கள் கையால் செய்த வேலை.

இப்போது திரும்பி வரும் குடும்பங்களைப் போன வருடம் அவர்கள் களை எடுத்த அதே இடத்துக்கே கூட்டிப் போகிறேன். கொய்யா மறுபடி முளைத்திருப்பதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கோபம் வருகிறது. உட்கார்ந்து மறுபடி பிடுங்குகிறார்கள். எது கொய்யா, எது விட வேண்டிய கன்று என்று பெரியவர்களுக்கு அவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள்.