மைலோ குடித்த குரங்கு

மலேசியாவின் பீடோர் ஊரிலிருந்து பக்கத்து மலையடிவாரத்தில் இருக்கும் பொது முகாம் தளத்துக்குக் குடும்பத்தோடு போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். கட்டணம் சில ரிங்கிட்தான். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தங்கச்சி உள்ளே போனால் நான் வெளியே காவல். சரி, அந்த விலைக்கு அவ்வளவுதான்.

விடியற்காலையில் கூடார வாசலில் ஒரு குரங்கு. மைலோ சாக்லேட் பானப் பொடி பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் அவசரப்படவில்லை.

ஆற்றை ஒட்டிக் கூடாரம் போடத்தான் எனக்கு ஆசை. தாத்தா விடவில்லை. தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயேர், அதாவது திடீர் ஆற்று வெள்ளம், வந்துவிடுமாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியுமாக வந்தால் பையைக்கூடத் தேடாமல் கரையேறு என்றார். 2022 டிசம்பரில் பத்தாங்காலி முகாம் தளத்தில் மண்சரிந்து 31 பேர் இறந்ததிலிருந்து, அம்மா மலைச்சரிவுப் பக்கமும் விடுவதில்லை. கடைசியில் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில்தான் படுத்தோம்!

அட்டை ஏறாமலிருக்கத் தாத்தா சொன்னபடி காலில் புகையிலைத் தண்ணீர் தடவினோம். ஒன்றுகூடக் கடிக்கவில்லை. வாடைதான் இன்னும் போகவில்லை.